வெள்ளையா தெரியுதுன்னு சன்ஸ்கிரீனை விட்டுறாதீங்க, கலர் போட்டதுக்கு மாறுங்க

கேள்வி: டாக்டர் மேடம், வணக்கம். எனக்கு 34 வயசு. திருமங்கலத்துல வீடு, மதுரையில ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், தினமும் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போயிட்டு வரேன். ரெண்டாவது பிள்ளை பிறந்ததுல இருந்து ரெண்டு கன்னத்துலயும் மங்கு, வலது பக்கம் தான் ரொம்ப. கெமிக்கல் இல்லாத மினரல் சன்ஸ்கிரீன் நல்லதுன்னு சொன்னாங்க, ஜிங்க் ஆக்சைடு போட்டது 50 கிராம் டியூப் ஒண்ணு வாங்கி அஞ்சு மாசமா போட்டுட்டு வரேன். மங்கு குறையல, அதுக்கு மேல பிள்ளைங்க வேற "மிஸ் முகமெல்லாம் விபூதி"ன்னு சிரிக்குதுங்க. கலர் போட்ட சன்ஸ்கிரீன் இருக்குன்னு ஃப்ரெண்ட் ஒருத்தி காட்டினா, அட்டையில அயர்ன் ஆக்சைடுன்னு போட்டிருக்கு. எங்க அத்தை "அது இரும்புத் துருடி, மூஞ்சில பூசாத"ங்கிறாங்க. எங்க சித்தி மக வீட்டுலயே ஜிங்க் பவுடர், காவிப்பொடி, தேங்காய் எண்ணெய் கலந்து நேச்சுரல் சன்ஸ்கிரீன்னு டப்பா 150 ரூபாய்க்கு விக்கிறா, அதை வாங்கலாமா? நானோன்னு ஒண்ணு ரத்தத்துல கலந்துருமாமே, அதையும் சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. இவ்வளவு விவரமா எழுதினது ரொம்ப உதவியா இருந்துச்சு, ஏன்னா பதில்ல பாதி உங்க கடிதத்துக்குள்ளயே இருக்கு, அந்த வலது கன்னமும் அஞ்சு மாசம் ஓடின டியூபும் தான். அதுக்குப் பின்னாடி வரேன். முதல்ல கேட்டதுக்கு நேரா சொல்லிடுறேன். அயர்ன் ஆக்சைடு போட்ட கலர் சன்ஸ்கிரீன் தான் உங்களுக்கு வேணும், தயங்காம வாங்குங்க. சித்தி மக டப்பா வேண்டாம். நானோ, அதாவது ரொம்ப ரொம்ப நைசாக்கின பொடி, அதைப் பத்தி கிரீமா பூசுறவங்க பயப்படத் தேவையில்ல.

என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் கலர் போட்ட சன்ஸ்கிரீன்னா அது மேக்கப்பு, அழகுக்குப் போடுறதுன்னு நினைச்சிட்டு "எனக்கு அதெல்லாம் வேண்டாம் டாக்டர், வெள்ளையாவே குடுங்க"ன்னு கேக்குறாங்க. மங்கு இருக்குற நம்ம ஊர் தோலுக்கு அந்தக் கலர் தான் வைத்தியத்துல பெரிய பங்கு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் சலிக்கமாட்டேன், ஏன்னா இது தெரியாம வருஷக்கணக்கா பணத்தைக் கொட்டி மனசு உடைஞ்சு போறவங்களைப் பாத்துட்டே இருக்கேன்.

காரணம் என்னன்னா, வெயில்ல யூ.வி.ங்கிற புற ஊதாக் கதிர் மட்டும் வர்றது இல்ல. ஒளியோட அலைநீளத்தை நானோமீட்டர்ல அளப்பாங்க. 290-ல இருந்து 320 நானோமீட்டர் வரைக்கும் யூ.வி.பி, தோலை எரிச்சு சிவக்க வைக்கிறது அது. 320-ல இருந்து 400 வரைக்கும் யூ.வி.ஏ, இது ஆழமா போய் கருக்க வைக்கும், சுருக்கமும் விழ வைக்கும். 400-க்கு மேல 700 வரைக்கும் நம்ம கண்ணுக்குத் தெரியுற சாதாரண வெளிச்சம். டியூப்ல போட்டிருக்குற எஸ்.பி.எஃப் நம்பர் முக்கியமா யூ.வி.பி-க்கு உள்ளது, பக்கத்துல பி.ஏ.ன்னு போட்டு நாலு பிளஸ் போட்டிருந்தா அது யூ.வி.ஏ-வுக்கு. அந்தக் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் இருக்கே, அதுக்கு இந்த ரெண்டு நம்பரும் கணக்கே கிடையாது. வெளிச்சம் என்ன பண்ணிரும்னு தான் டாக்டருங்களும் ரொம்ப காலம் இருந்தாங்க. 2010-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணி, வெறும் வெளிச்சத்தை மட்டும் தோல்ல அடிச்சுப் பாத்தாங்க, வெள்ளைக்காரங்க தோல்ல ஒண்ணும் ஆகல, மாநிறமும் கருப்பும் உள்ளவங்க தோல் கருத்துச்சு, அதுவும் யூ.வி.ஏ-வால வர்ற கருப்பை விட ரொம்ப நாள் நின்னுச்சு. 2014-ல ஃபிரான்ஸ்ல இன்னும் பிரிச்சுப் பாத்தப்போ, வெளிச்சத்துக்குள்ளயும் அந்த நீலம் ஊதாப் பக்கம், 415 நானோமீட்டர் கிட்ட உள்ளது தான் கருக்க வைக்குது, சிவப்பு வெளிச்சம் ஒண்ணும் பண்றதில்லன்னு தெரிஞ்சுச்சு. ஆக இது நம்ம நிறத்துக்காரங்களுக்குன்னே உள்ள பிரச்சினை, அதனால தான் வெளிநாட்டுக்காரங்களுக்காக எழுதின அறிவுரைய அப்படியே நம்ம எடுத்துக்கிட்டா மங்கு போகமாட்டேங்குது.

இப்போ உங்க ஜிங்க் சன்ஸ்கிரீனுக்கு வருவோம். அதுவும் டைட்டானியம் டை ஆக்சைடும் தான் இந்த மினரல் சன்ஸ்கிரீன்ல இருக்குற ரெண்டு சரக்கு. இது ரெண்டும் தோல் மேல உக்காந்து வெயிலைத் திருப்பி அடிக்குதுன்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்க, அது பெரும்பாலும் தப்பு. 2016-ல அளந்து பாத்துட்டாங்க, யூ.வி.-ல திருப்பி அனுப்புறது 5% அளவுக்குத் தான், மிச்சத்தை மத்த சன்ஸ்கிரீன் மாதிரியே உறிஞ்சிக்கிட்டு தான் தடுக்குது. டைட்டானியம் யூ.வி.பி-ல கெட்டி, யூ.வி.ஏ-வோட நீளமான பக்கம் போகப்போக தளர்ந்துரும், ஜிங்க் 370 தாண்டியும் பிடிக்கும். 400 வந்துட்டா ரெண்டுமே உறிஞ்சுறது இல்ல. பொடி பெரிய சைஸா இருந்தா வெளிச்சத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், ஆனா அந்தச் சிதறல் தான் உங்க முகத்துல வெள்ளையா தெரியுறது. அதுலயும் சின்னத் துகள் நீல வெளிச்சத்தை அதிகமா சிதறடிக்கும், அது மாநிறத் தோல் மேல விழுறப்போ வெள்ளைக்குப் பதிலா சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுது. உங்க ஸ்கூல் பிள்ளைங்க கண்ணு தப்பா சொல்லல. இந்த வெள்ளை தெரியக்கூடாதுன்னு கம்பெனிக்காரங்க பொடியை இன்னும் நைசாக்குறாங்க, அப்போ முகத்துல ஒண்ணும் தெரியாது, பாக்க அழகா இருக்கும், ஆனா வெளிச்சம் தடையில்லாம உள்ள போயிரும். அதனால வெள்ளை தெரியாத மினரல் சன்ஸ்கிரீனுக்கு மாறினா சரியாப் போயிடும்னு யாராவது சொன்னா, மங்குக்கு அது பதில் இல்ல.

அயர்ன் ஆக்சைடு இங்க தான் வருது. சிவப்பு, மஞ்சள், கருப்புன்னு மூணு நிறத்துல உண்டு, அட்டையில சி.ஐ. 77491, 77492, 77499-னு நம்பர் போட்டிருப்பாங்க. ஒரு பொருள் ஏன் மஞ்சளாவோ செங்கல் நிறமாவோ தெரியுதுன்னா அது நீல வெளிச்சத்தை விழுங்கிட்டு மிச்சத்தை விடுது, அதான். நமக்கு மங்கைக் கருக்க வைக்கிறதும் அதே நீலம் தான். கலரும் காவலும் ஒரே வேலைம்மா, தனித்தனி இல்ல, இதை நினைச்சா எனக்கு இப்பவும் சந்தோஷமா இருக்கும். மெக்சிகோவுல, அங்கயும் நம்மள மாதிரி மாநிறக்காரங்க தான், மங்கு உள்ளவங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு எல்லாருக்கும் ஒரே மங்கு கிரீமைக் குடுத்து, ஒரு குரூப்புக்கு யூ.வி. மட்டும் தடுக்குற சன்ஸ்கிரீன், இன்னொரு குரூப்புக்கு அதோட அயர்ன் ஆக்சைடும் சேர்ந்தது குடுத்தாங்க, 8 வாரம் கழிச்சு அயர்ன் ஆக்சைடு போட்டவங்களுக்கு நல்லாவே கூடுதலா குறைஞ்சிருந்துச்சு. 2014-ல வந்த ஆராய்ச்சி. அடுத்த வருஷம் ஃபிரான்ஸ்ல இருந்து வந்த இன்னொண்ணுல, கோடைக்காலம் முழுக்க போட்டுப் பாத்து மங்கு திரும்பி வர்றதும் குறையுதுன்னு காட்டினாங்க.

அத்தை துருங்கிறது வெறும் பேச்சு இல்ல, துருவும் அயர்ன் ஆக்சைடு குடும்பம் தான், அவங்ககிட்ட அப்படியே ஒத்துக்கோங்க. ஆனா தகரத்துல இருந்து சுரண்டி எடுத்ததை யாரும் டியூப்ல போடுறது இல்ல. இரும்பு உப்புல இருந்து ஃபேக்டரியில தயாரிச்சு, கழுவி, சுத்தம் பண்ணி, ஈயம் ஆர்சனிக் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் பண்ணி வர்றது. தண்ணியிலயும் எண்ணெயிலயும் கரையாது, அதனால தோலுக்குள்ள போகாது. இன்னொண்ணும் அத்தைகிட்ட சொல்லுங்க. பிள்ளைகளுக்கு அம்மை போட்டா, வேர்க்குரு வந்தா, பூச்சி கடிச்சா ரோஸ் கலர்ல கலமைன் லோஷன் போடுவோமே, அந்த ரோஸ் கலரே இந்த அயர்ன் ஆக்சைடு தான், ஜிங்க் பொடியில துளியூண்டு கலந்தது. நீங்க குழந்தையா இருக்கும்போது அவங்க வீட்டுலயும் யாருக்காவது பூசியிருப்பாங்க. (அதுக்காக கலமைனை சன்ஸ்கிரீனுக்குப் பதிலா போட்டுறாதீங்க, அதுல உள்ள இரும்பு ரொம்ப கம்மி, காஞ்சா உதிர்ந்துரும்.)

இப்போ உங்க சித்தி மக டப்பா. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல, வீட்டுல இருந்தே நாலு காசு பாக்கணும்னு உழைக்கிறாங்க, யாரையும் ஏமாத்தணும்னு நினைச்சிருக்க மாட்டாங்க. ஆனா சன்ஸ்கிரீன் வீட்டுல செய்யக்கூடிய சாமான் இல்ல, குளியல் பொடி அரைக்கலாம், சீயக்காய் அரைக்கலாம், இது முடியாது. ஒரு அம்மா இதே மாதிரி ஒரு டப்பாவை என்கிட்ட கொண்டு வந்தாங்க. அதுல துளி எடுத்து லேப்ல வெக்கிற கண்ணாடித் துண்டு மேல மெல்லிசா தேய்ச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக் காட்டினேன். எண்ணெய் ஓரமா ஒதுங்கி நிக்குது, பொடி அங்கங்க கட்டி கட்டியா கிடக்குது, நடுவுல ஒண்ணுமே இல்லாம வெறும் கண்ணாடி. முகத்துலயும் அது இப்படித்தான் உக்காரும், அந்த வெறும் இடத்துல எல்லாம் வெயில் நேரா இறங்கும். கம்பெனியில இந்தப் பொடி ஒவ்வொண்ணுக்கும் சிலிக்கா, சிலிக்கோன் மாதிரி ஏதாவது ஒரு கோட்டிங் குடுத்து, பெரிய மில்லுல அரைச்சு, ஒட்டிக்காம பிரிஞ்சு நிக்கிற மாதிரி பண்றாங்க, அது மிக்ஸியிலயோ கரண்டியிலயோ வராது. இதுல தேங்காய் எண்ணெய் வேற. 25 டிகிரி தாண்டினா உருகிடும், மதுரையில வருஷத்துல முக்கால்வாசி நாள் டப்பாவுக்குள்ள அது எண்ணெயா தான் நிக்கும், கனமான ஜிங்க் அடியில போய்ப் படிஞ்சிரும். முதல் வாரம் பூசுறவங்களுக்கு வெறும் எண்ணெய், கடைசியில வழிச்சுப் பூசுறவங்களுக்கு வெறும் சுண்ணாம்பு மாதிரி. எஸ்.பி.எஃப் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, ஆனா பூசிட்டோம்ங்கிற தைரியத்துல வெயில்ல கூடுதலா நிப்போம், அதான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்தது அந்த ஜிங்க் பவுடர் எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. ரப்பர், டயர், பெயின்ட் வேலைக்குன்னு விக்கிற ஜிங்க் ஆக்சைடும் அதே வெள்ளைப் பொடி தான், கண்ணால பாத்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஜிங்க் தாதுவோட ஈயமும் கேட்மியமும் கூடவே கிடைக்கிறது, சுத்தம் பண்ணாத சரக்குல அது ஒட்டிக்கிட்டே வரும். காவியும் அப்படித்தான். கீழமாசி வீதிப் பக்கம் கடையில கோலத்துக்குக் கரை கட்டுறதுக்குன்னு விக்கிற காவி, மண்ணுல இருந்து வெட்டி எடுத்துப் பொடி பண்ணினது, இல்லன்னா வெறும் சாயம் கலந்தது. அதுவும் அயர்ன் ஆக்சைடு தான், அதனால "ரெண்டும் ஒண்ணுதானே, இது நேச்சுரல் வேற"ன்னு தோணும். மண்ணுல இருந்து வந்த காவியில ஆர்சனிக், ஈயம், பாதரசம் எது எவ்வளவு ஒட்டியிருக்கும்னு அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. இதனால தான் அமெரிக்க சட்டத்துல காஸ்மெட்டிக்ஸுக்குப் போடுற அயர்ன் ஆக்சைடு செயற்கையா தயாரிச்சதா தான் இருக்கணும், ஈயம் 10 பி.பி.எம் (பத்து லட்சத்துல 10 பங்கு) தாண்டக்கூடாது, ஆர்சனிக்கும் பாதரசமும் ஆளுக்கு 3 தாண்டக்கூடாதுன்னே எழுதி வச்சிருக்காங்க. நம்ம நாட்டுலயும் 2020-ல வந்த காஸ்மெட்டிக்ஸ் விதிகள்படி கலருக்குன்னு ஈயம், ஆர்சனிக் சேர்மானம் போடக்கூடாது, பி.ஐ.எஸ்.ங்கிற இந்திய தர நிர்ணய அமைப்போட பட்டியல்ல உள்ள கலர் மட்டும் தான் போடலாம், விக்கிறதுக்குத் தயாரிக்கணும்னா லைசென்ஸ் வேணும். கோலக்காவியைத் தரையில போடுங்க, முகத்துல தினமும் பூசி வேர்வையோட சேர்ந்து வாய்க்குள்ளயும் போற சாமான் இல்ல அது. உங்க சித்தி மககிட்ட நல்லவிதமா எடுத்துச் சொல்லுங்க, யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பொண்ணு தான் மாட்டிக்கும்.

"கெமிக்கல் இல்லாத மினரல்"னு உங்களுக்குச் சொன்னவங்களும் முழுசா சரியா சொல்லல. டைட்டானியம் மணவாளக்குறிச்சி, கேரளாவுல சவரா கடற்கரை மணல்ல இருக்குற இல்மனைட்ங்கிற தாதுல இருந்து எடுக்குறது, அதைக் கந்தக அமிலத்துலயோ குளோரின்லயோ போட்டுப் பிரிச்சா தான் அந்த வெள்ளைப் பொடி கிடைக்கும், வீட்டுச் சுவத்துக்கு அடிக்கிற பெயின்ட்டுல வெள்ளையும் அதே தான். மினரல்னா சுத்தம், மத்ததெல்லாம் விஷம்னு இல்ல. உங்களுக்கு மினரல் போட்டா எரிச்சல் இல்லாம ஒத்துக்குதுன்னா போடுங்க, அலர்ஜி உள்ளவங்களுக்கும் மாசமா இருக்குறவங்களுக்கும் நான் அதைத்தான் குடுக்குறேன். ஆனா வேற சன்ஸ்கிரீனோட அயர்ன் ஆக்சைடு சேர்ந்து வந்தாலும் மங்குக்கு அது நல்லது தான்.

நானோவுக்கு ரொம்ப நேரம் வேண்டாம். ஆஸ்திரேலிய அரசாங்கத்தோட மருந்துத் துறை இருக்குற ஆராய்ச்சி எல்லாத்தையும் எடுத்துப் பாத்து, நானோ ஜிங்க்கும் டைட்டானியமும் தோலோட மேல் செத்த அடுக்கைத் தாண்டி உயிருள்ள தோலுக்குள்ள போறதில்லன்னு சொல்லிட்டாங்க. 2010-ல அங்க ஒரு பீச்ல ஆளுங்களை 5 நாள் ஜிங்க் சன்ஸ்கிரீன் பூச வச்சு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, பூசின ஜிங்க் ரத்தத்துல வந்துச்சு தான், ஆனா ரத்தத்துல ஏற்கனவே இருக்குற ஜிங்க்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குக்கு, நம்ம சாப்பாட்டுல தினமும் போறதை விட ரொம்ப ரொம்ப கம்மி. மூச்சுல போறது தான் ஆகாது. டைட்டானியம் பொடியை நுரையீரல்ல இழுத்தா கெடுதல்னு எலியில பாத்திருக்காங்க. அதனால ஸ்ப்ரே சன்ஸ்கிரீன், முகத்துல உதறிப் போடுற லூஸ் பவுடர் இது ரெண்டும் வேண்டாம், முக்கியமா பிள்ளைங்க பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

சரி, உங்க வலது கன்னம். திருமங்கலத்துல இருந்து மதுரைக்கு பஸ் வடகிழக்கா வருது. காலையில சூரியன் கிழக்க, அதாவது பஸ்ஸுக்கு வலது பக்கம். சாயங்காலம் ஸ்கூல் விட்டுத் திரும்பும்போது பஸ் தென்மேற்கா போகுது, சூரியன் மேற்க, அதுவும் வலது பக்கம் தான். நீங்க ரெண்டு நேரமும் டிரைவர் பக்கத்து ஜன்னலோரம் உக்காந்தீங்கன்னா போக வர வெயில் முழுக்க ஒரே கன்னத்துல விழுது. மங்கு ரெண்டு பக்கமும் வர்ற நோய் தான், ஆனா ஒரு பக்கம் மட்டும் கூடுதலா இருந்தா நான் முதல்ல கேக்குறது எந்தப் பக்கம் உக்காருவீங்கன்னு தான். கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தா போதும்னு நினைக்காதீங்க, கண்ணாடி யூ.வி.பி-யை நிறுத்தும், அதான் தோல் எரியாது, யூ.வி.ஏ-வும் வெளிச்சமும் பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். நாளையில இருந்து இடது பக்கம் உக்காருங்க, சீட்டு கிடைக்கலன்னா நடுவுல நில்லுங்க, ஷட்டர் உள்ள பஸ்னா இறக்கி விடுங்க. காசு செலவில்லாத வைத்தியம் இது, ஆனா பலன் உண்டு. கிளாஸ்ரூம் டியூப்லைட்டும் செல்போன் வெளிச்சமும் மங்கைக் கூட்டுமான்னு சிலர் கேக்குறாங்க, சூரியனுக்கு முன்னாடி அது ஒரு வெளிச்சமே இல்ல, அதை விட்டுருங்க. காலையில பிரேயருக்கு கிரவுண்ட்ல நிக்கிறீங்களே, அதைப் பாருங்க, மரத்தடி இருந்தா அங்கிட்டு நில்லுங்க, குடை பிடிக்க முடிஞ்சா பிடிங்க, பிள்ளைங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

அடுத்தது டியூப் கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளத்துக்கு ஒரு கோடு வச்சா வர்ற அளவு ஒரு தடவைக்கு வேணும், கிட்டத்தட்ட 1 கிராம். அப்போ 50 கிராம் டியூப் 50 தடவைக்கு வரும். காலையில ஒண்ணு, சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணுன்னு போட்டா ஒரு மாசம் கூட தாங்காது. உங்களுக்கு அது அஞ்சு மாசம் வந்திருக்கு, அப்போ தேவையானதுல ஆறுல ஒரு பங்கு தான் பூசியிருக்கீங்க, எஸ்.பி.எஃப் 50-னு டியூப்ல எழுதியிருந்தாலும் முகத்துல அது எங்கயோ கீழ இருந்திருக்கும். சுவத்துக்கு ஒரே கோட்டு வெள்ளையடிச்சா பழைய கறை தெரியுற மாதிரி தான் இது. உங்க மேல குத்தம் சொல்லல, வெள்ளையா தெரியுதேன்னு கூச்சப்பட்டு எல்லாருமே கொஞ்சமா தான் பூசுறாங்க, அதனால தான் தோல் நிறத்தோட ஒத்துப்போற கலர் வேணும்ங்கிறேன், ஒத்துப்போனா தயக்கம் இல்லாம அளவா பூசலாம்.

வாங்கும்போது உங்க நிறத்துக்கு ஒரு படி வெள்ளையா எடுக்காதீங்க. கடையில பொண்ணுங்க "இது போட்டா பிரைட்டா இருக்கும் மேடம்"னு அதைத்தான் எடுத்துக் குடுப்பாங்க, அது திரும்பவும் சாம்பல் தான் பூக்கும், கலர் உள்ள பொடி கம்மி, வெள்ளை தான் ஜாஸ்தி. தாடை எலும்பு மேல ரெண்டு ஷேடு கோடா இழுத்துட்டு, கடை லைட்டை நம்பாம வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, பத்து நிமிஷம் விடுங்க, எந்தக் கோடு தேடினாத்தான் தெரியுதோ அது உங்களோடது. நம்ம தோலுக்கு மஞ்சள் கலந்த பிரவுன் பெரும்பாலும் சரியா வரும், ரோஸ் கலந்தது எடுபடாது. அட்டையைத் திருப்பி அந்த மூணு சி.ஐ. நம்பர் இருக்கான்னு பாருங்க, எஸ்.பி.எஃப் 30-க்கு மேல, பி.ஏ.-க்கு மூணோ நாலோ பிளஸ், லைசென்ஸ் நம்பர், பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் இருக்கணும்.

கலர் சன்ஸ்கிரீன் விலை கூட தான், மாசாமாசம் ஒரு டியூப்புக்கு மேலன்னா ஒரு டீச்சர் சம்பளத்துல கடிக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு வழி இருக்கு. விலை குறைஞ்ச சாதாரண சன்ஸ்கிரீனை, வெள்ளை தெரியாத ஜெல்லோ லோஷனோ எதுவானாலும், ரெண்டு விரல் அளவுக்குப் பூசி பத்து நிமிஷம் காயவிட்டு, அதுக்கு மேல உங்க நிறத்துல ஒரு ஃபவுண்டேஷனை கன்னம், நெத்தி, மேலுதடு, மங்கு இருக்குற இடத்துல எல்லாம் நல்லா மூடுற மாதிரி போடுங்க. ஃபவுண்டேஷன்லயும் கேக்கா வர்ற காம்பாக்ட்லயும் கலர் தர்றது இதே அயர்ன் ஆக்சைடு தான், அட்டையில இதே நம்பர் இருக்கும். ஃபவுண்டேஷனை மட்டும் போட்டு சன்ஸ்கிரீனை விட்டுறக்கூடாது, அவ்வளவுதான். மத்தியானம் திரும்பப் போட முகம் கழுவ நேரம் இல்லன்னா, வேர்வையை ஒத்தி எடுத்துட்டு மேலயே போடுங்க, கடைசியில காம்பாக்ட்டை ஸ்பாஞ்ச்ல அழுத்தி ஒத்துங்க.

துப்பட்டாவுல, புடவைத் தலைப்புல கொஞ்சம் பிரவுனா ஒட்டும், அதைச் சொல்லாம விட்டா என்னைத் திட்டுவீங்க. பூசி பத்துப் பதினஞ்சு நிமிஷம் விட்டுட்டு உடுத்துங்க. ராத்திரி முகம் கழுவும்போது வெறும் சோப்புக்கு இது முழுசா வராது, முதல்ல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவா பஞ்சுல துடைச்சு எடுங்க, அப்புறம் ஃபேஸ்வாஷ். பரு வர்ற முகம்னா எண்ணெய்க்குப் பதிலா மேக்கப் துடைக்கிறதுக்குன்னு விக்கிற மைசெல்லர் வாட்டர். தேய் தேய்னு தேய்க்காதீங்க, தேய்ச்சாலே மங்கு கூடும்.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா சொல்லாம விட எனக்கு மனசு வரல. சன்ஸ்கிரீன் காவல் தான், இருக்குற மங்கைக் குறைக்க கூட ஒரு மருந்து பெரும்பாலும் தேவைப்படும். அதுக்குன்னு மெடிக்கல் ஷாப்ல போய் "மங்கு கிரீம் குடுங்க"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க. அங்க எடுத்துக் குடுக்குறது பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூணும் கலந்த கிரீம், டாக்டர் சொல்ற நாளுக்கு மட்டும் போட வேண்டியது. முதல் மாசம் பளிச்சுன்னு ஆகும், அந்த சந்தோஷத்துல வருஷக்கணக்கா போட்டு முகம் சிவந்து, தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சு, முடி வளர்ந்து அழுதுட்டு வர்ற பொண்ணுங்களை வாரம் தவறாம பாக்குறேன். இந்த ஸ்டீராய்டு கிரீம்களை 2018-லயே சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் எச்-ல கொண்டு வந்துட்டாங்க, ஆனாலும் கிடைக்குது. பேர் ஊர் இல்லாம, லேபிள்ல லைசென்ஸ் இல்லாம வர்ற வெள்ளையாக்குற கிரீம்ல பாதரசம் இருக்கலாம், அது கிட்னியைக் கெடுக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. கருத்தடை மாத்திரை எடுக்குறீங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, மங்கு நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க.

மூணு மாசம் குடுங்க. மாசம் ஒரு தடவை காலையில ஒரே ஜன்னல் பக்கத்துல நின்னு, மேக்கப் இல்லாம, ஃபில்டர் போடாம ரெண்டு கன்னத்தையும் போட்டோ எடுத்து வைங்க, கண்ணாடியில தினமும் பாக்குறவங்களுக்குக் குறையுறது தெரியாது. அதுக்குள்ள குறையலன்னா, இல்ல இன்னும் கருத்தா, நம்ம பெரியாஸ்பத்திரி தோல் ஓ.பி.-ல சீட்டு போட்டாலே போதும், தனியா தான் காட்டணும்னு இல்ல. போகும்போது அந்தப் போட்டோ, இப்போ போடுற டியூப், இதுவரைக்கும் போட்ட கிரீம் எல்லாத்தோட காலி டப்பாவும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல கேக்குறது அதைத்தான்.